இரண்டே பருவம் ஆடியவர் அரை நூற்றாண்டின் சிறந்த வீரர் ஆனது எப்படி? லயனல் கானக்கரின் கதை

1950ஆம் ஆண்டு கனடியன் பிரஸ் செய்தி நிறுவனம் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கனடா கண்ட தலைசிறந்த விளையாட்டு வீரர் யார் என்பது கேள்வி. லயனல் கானக்கர் என்று பதில் வந்தது. தலைசிறந்த கனடிய கால்பந்து வீரர் யார் என்ற கேள்விக்கும் அவர் பெயரே வந்தது.

பழைய பதிவுகளைப் புரட்டுகிறவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். கானக்கர் கனடிய கால்பந்தின் உயர்மட்டப் போட்டியில் முழுதாக ஆடியது 1921, 1922 ஆகிய இரண்டு பருவங்கள் மட்டுமே. ஒரு பருவத்துக்கு ஆறு லீக் ஆட்டங்கள். இவ்வளவு குறைவாக ஆடிய ஒருவருக்கு அந்தப் பட்டம் எப்படிப் போனது? அதைவிட முக்கியமான கேள்வி இன்னொன்று இருக்கிறது: அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் 22 வயதில் ஏன் அந்த ஆட்டத்தை விட்டுப் போனார்? முதல் கேள்விக்கு அவருடைய உடல் திறமையில் பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கான பதில் அன்றைய கனடாவின் விளையாட்டு விதியிலும், அவர் பிறந்த வீட்டின் வறுமையிலும் இருக்கிறது.

## முதலில், இது எந்தக் கால்பந்து?

தமிழில் கால்பந்து என்றால் நமக்கு நினைவுக்கு வருவது உருண்டைப் பந்தைக் காலால் உதைத்து ஆடும் ஆட்டம். கனடாவில் அதற்கு சாக்கர் என்று பெயர். அங்கே கால்பந்து என்று சொல்லப்படுவது ரக்பியிலிருந்து பிறந்த ஆட்டம். நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், தேவைப்பட்டால் உதைப்பார்கள். அமெரிக்க கால்பந்துக்கு இது சகோதரன். 1874இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஹார்வர்டும் மோதிய ஆட்டங்கள்தான் இரண்டு நாட்டு ஆட்டங்களுக்கும் பொதுவான தொடக்கப் புள்ளி.

கானக்கரின் காலத்தைப் புரிந்துகொள்ள நான்கு சொற்கள் போதும்.

1. டவுன்: பந்து வைத்திருக்கும் அணிக்குக் கிடைக்கும் ஒரு முயற்சி. கனடாவில் மூன்று முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். அமெரிக்காவில் நான்கு முயற்சிகள் உண்டு. ஒரு முயற்சி குறைவு என்பதால் கனடிய ஆட்டத்தில் பந்தை உதைத்துத் தள்ளும் கட்டாயம் அடிக்கடி வரும்.

2. டச்டவுன்: எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது. இன்று அதற்கு 6 புள்ளி. கானக்கர் காலத்தில் 5. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோலுக்கு 3.

3. சிங்கிள், அல்லது ரூஜ்: உதைத்த பந்து எதிரணியின் கோல் பகுதிக்குள் போய், அவர்கள் அதை வெளியே கொண்டுவர முடியாமல் போனால் உதைத்த அணிக்கு 1 புள்ளி. அமெரிக்க ஆட்டத்தில் இது கிடையாது.

4. கிரே கோப்பை: கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த கிரே பிரபு 1909இல் கொடுத்தது. நாட்டின் அமெச்சூர் ரக்பி கால்பந்துச் சாம்பியனுக்கு என்று சொல்லிக் கொடுத்தார். அந்த ‘அமெச்சூர்’ என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

இன்னொரு செய்தியும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கையால் முன்னோக்கிப் பந்து எறிவது 1921இல் கனடாவில் அனுமதிக்கப்படவில்லை. 1931இல்தான் அது எல்லா மட்டங்களுக்கும் வந்தது. எனவே அன்று ஓட்டமும் உதையும்தான் ஆட்டம். ஓடும்போது பக்கவாட்டிலோ பின்னாலோ இருக்கும் கூட்டாளிக்குப் பந்தைத் தட்டிவிடலாம். நன்றாக ஓடவும் நன்றாக உதைக்கவும் தெரிந்த ஒரே ஆள் கிடைத்துவிட்டால் அவர்தான் அந்த அணியின் முழுத் தாக்குதல். கானக்கர் அப்படி ஒருவர்.

## வறுமையும் பள்ளிக்கூட மைதானமும்

லயனல் பிரிட்டோரியா கானக்கர் 1900 மே 24 அன்று டொராண்டோவில் பிறந்தார். நடுப்பெயரில் இருக்கும் பிரிட்டோரியா தென்னாப்பிரிக்க நகரம். அப்போது அங்கே பிரிட்டன் நடத்திய போயர் போர் நடந்துகொண்டிருந்தது. பத்துப் பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் அவர்தான் மூத்த ஆண். அப்பா குதிரை வண்டி ஓட்டிச் சம்பாதித்தவர். எட்டாம் வகுப்போடு லயனலின் படிப்பு நின்றது. வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

அவர் படித்த ஜெஸ்ஸி கெச்சம் பள்ளியில் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். குத்துச்சண்டை, மல்யுத்தம், லாக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம்), கால்பந்து என எது கிடைத்தாலும் ஆடினார். ஹாக்கி மட்டும் இல்லை. கனடாவில் ஹாக்கி என்றால் பனிக்கட்டித் தளத்தில் சறுக்கியபடி ஆடும் ஆட்டம். பனிச்சறுக்குக் காலணி வாங்கக் காசு வேண்டும். அதனால் அவர் ஒழுங்காகப் பனியில் சறுக்கக் கற்றதே 16 வயதில். கனடாவில் நான்கைந்து வயதில் தொடங்கும் பழக்கம் அது. பின்னாளில் தேசிய ஹாக்கி லீக்கில் 498 ஆட்டங்கள் ஆடிய ஒருவர் இவ்வளவு தாமதமாகத் தொடங்கினார் என்பது சாதாரண விஷயம் இல்லை.

16 வயதில் 125 பவுண்டு எடைப் பிரிவில் ஒன்டாரியோ மாகாண மல்யுத்தச் சாம்பியன். 1920இல் கனடாவின் அமெச்சூர் லைட் ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன். அதே ஆண்டு டொராண்டோ கனூ கிளப் அணியோடு மெமோரியல் கோப்பை, அதாவது இளையோர் ஹாக்கியின் தேசியக் கோப்பை. அப்புறம், உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்சியோடு ஒரு காட்சி ஆட்டத்தில் குத்துச்சண்டையும் போட்டிருக்கிறார். ‘பிக் டிரெய்ன்’ (பெரிய ரயில்) என்று அவருக்குப் பட்டப்பெயர் வந்ததில் வியப்பில்லை.

## 1921: ஒருவரே ஓர் அணி

1920இல் அவர் டொராண்டோ ரக்பி கிளப்புக்கு ஆடினார். அந்த அணியை டொராண்டோ ஆர்கோனாட்ஸ் வீழ்த்தியது. வீழ்த்திய அணியே அடுத்த பருவத்துக்கு அவரை அழைத்துக்கொண்டது. ஆர்கோனாட்ஸ் ஒரு படகோட்டும் கிளப்பிலிருந்து பிறந்த அணி, வசதியானவர்களின் உலகம் அது. வண்டிக்காரர் மகன் அங்கே நுழைந்தது திறமை ஒன்றை மட்டும் வைத்துத்தான்.

நேரமும் அவருக்குச் சாதகமாக அமைந்தது. 1921இல்தான் கனடிய ரக்பி யூனியன் ஒரு பக்கத்துக்கு 14 பேர் என்பதை 12 ஆகக் குறைத்தது. மைதானமோ 110 யார்டு நீளம், 65 யார்டு அகலம். இரு பக்கமும் சேர்த்து நான்கு பேர் குறைந்தால் அவ்வளவு பெரிய இடத்தில் ஓடுவதற்கு எவ்வளவு வழி திறக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேகமும் உடல் பலமும் ஒன்றாகச் சேர்ந்த ஓட்டக்காரருக்கு இதைவிட நல்ல விதி மாற்றம் வந்திருக்க முடியாது. கானக்கரின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்த விதி மாற்றத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. அதே விதி எல்லோருக்கும்தான் இருந்தது, அப்படி ஓடியது அவர்.

ஆர்கோனாட்ஸுக்கு ஆடிய முதல் ஆட்டத்தில் அணி எடுத்த 27 புள்ளிகளில் 23 அவருடையது. அந்த லீக்கின் பெயர் மாகாணங்களிடை ரக்பி கால்பந்து யூனியன். நான்கு அணிகள் இருந்ததால் மக்கள் ‘பிக் ஃபோர்’ என்றார்கள். ஆறு ஆட்டங்களிலும் ஆர்கோனாட்ஸ் தோற்கவில்லை. மொத்தம் 167 புள்ளிகள் எடுத்தது. பாதிக்கும் மேல் கானக்கர் எடுத்தவை.

அந்த டிசம்பர் 3ஆம் தேதி டொராண்டோ வார்சிட்டி ஸ்டேடியத்தில் கிரே கோப்பை இறுதி. மேற்குக் கனடாவின் அணி ஒன்று கோப்பைக்காகக் கிழக்கே வந்து மோதியது அதுவே முதல் முறை. எட்மண்டன் அணி வந்திருந்தது. அதுவரை கிழக்கின் சொத்தாக இருந்த கோப்பை நாடு முழுவதற்குமான கோப்பையாக மாறத் தொடங்கிய நாள் என்றே சொல்லலாம். ஆர்கோனாட்ஸ் 23-0 என்று வென்றது. கானக்கரின் கணக்கு இப்படி: இரண்டு டச்டவுன் 10, ஒரு ஃபீல்டு கோல் 3, இரண்டு சிங்கிள் 2, ஆக 15. ஓட்டம், குறி பார்த்த உதை, நீள உதை என்று அந்த ஆட்டத்தில் புள்ளி எடுக்க இருந்த முக்கிய வழிகள் அனைத்தும் ஒரே ஆளின் கணக்கில் இருக்கின்றன.

மூன்றாம் கால்பகுதி முடிந்ததும் அவர் மைதானத்தை விட்டுக் கிளம்பிவிட்டார். ஆரா லீ அணிக்காக ஹாக்கி ஆடப் போக வேண்டியிருந்தது. இறுதிப் போட்டியின் கடைசிக் கால்மணி நேரத்தை விட்டுவிட்டு வேறு விளையாட்டுக்குப் போவது இன்று நினைத்தும் பார்க்க முடியாத ஒன்று.

## 1922: ஒரு நாளில் இரண்டு கோப்பைகள், ஒரு புள்ளியில் தோல்வி

அடுத்த ஆண்டு கோடையில் நடந்ததும் இதே வகைதான். டொராண்டோ நகர பேஸ்பால் இறுதியில் ஹில்கிரெஸ்ட் அணிக்காகக் கடைசி இன்னிங்ஸில் மூன்றாம் தளம் வரை போகும் அடியை அடித்து வெற்றி தேடித்தந்தார். உடனே காரில் ஏறி நகரின் இன்னொரு பகுதிக்குப் போனார். அங்கே லாக்ராஸ் மாகாண இறுதியில் அவருடைய மெய்ட்லண்ட்ஸ் அணி 0-3 என்று பின்தங்கியிருந்தது. கானக்கர் நான்கு கோல் அடித்து, ஐந்தாவதற்கு உதவினார். 5-3.

அந்த இலையுதிர் காலத்தில் அவர் ஆர்கோனாட்ஸின் கேப்டன். பந்தோடு சுமார் 950 யார்டு ஓடியதாகக் கணக்கு. லீக்கில் மீண்டும் தோல்வியில்லை. ஆனால் கிழக்குப் பகுதி இறுதியில் குயின்ஸ் பல்கலைக்கழகத்திடம் 12-11 என்று ஒற்றைப் புள்ளியில் தோற்றார்கள். 1921இல் கானக்கரோடு சேர்ந்து ஆர்கோனாட்ஸுக்கு ஆடிய ஹாரி பாட்ஸ்டோன் இப்போது குயின்ஸ் பக்கம் இருந்தார். குயின்ஸ் அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் கோப்பையை வென்றது. கானக்கர் அதற்குப் பிறகு கிரே கோப்பைக்காக ஆடவே இல்லை.

## முடிச்சு: அமெச்சூர் என்ற சொல்

அன்றைய விதிமுறையின் தர்க்கத்தை வரிசையாகப் பார்த்தால் புரியும்.

1. விளையாட்டுக்குக் காசு வாங்காதவர் அமெச்சூர். காசு வாங்கினால் புரொஃபஷனல். இங்கிலாந்தின் மேட்டுக்குடியிலிருந்து வந்த கருத்து இது. வேறு வருமானம் உள்ளவர்களுக்கு இதில் சிரமமே இல்லை.

2. கனடாவில் இந்த எல்லையை எங்கே போடுவது என்று 1906 முதல் 1909 வரை பெரிய சண்டை நடந்தது. கடுமையான பக்கம் வென்றது. 1909இல் கனடிய அமெச்சூர் தடகள யூனியன் ஒரே அமைப்பாக உருவானது. கிரே கோப்பை வந்த அதே ஆண்டு.

3. ஒரு விளையாட்டில் காசு வாங்கினால் எல்லா விளையாட்டுகளிலும் நீங்கள் புரொஃபஷனல். ஹாக்கியில் சம்பளம் வாங்கியவர் கால்பந்து மைதானத்தில் அமெச்சூராக இறங்க முடியாது.

4. 1920களில் கனடாவில் ஹாக்கிக்குச் சம்பளம் உண்டு. பேஸ்பாலுக்கும் உண்டு. கால்பந்துக்குப் புரொஃபஷனல் லீக் இல்லை.

இந்த நான்கையும் சேர்த்தால் கிடைப்பது ஒன்றுதான்: கால்பந்து ஆட வேண்டுமானால் எல்லாவற்றிலும் இலவசமாக ஆட வேண்டும். கானக்கர் சில ஆண்டுகள் அதைச் செய்தார். 1921இல் மான்ட்ரியால் கனடியன்ஸ் ஹாக்கி அணி 5,000 டாலரும் தொழில் தொடங்க உதவியும் தருவதாகச் சொன்னபோது மறுத்தார். பத்துப் பிள்ளைகள் வளர்ந்த வீட்டின் மூத்த மகன் அந்தத் தொகையை மறுத்தார் என்றால் அவருக்கு அந்த ஆட்டங்கள் எவ்வளவு பிடித்திருந்தன என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த விதியை நியாயப்படுத்தியவர்கள் விளையாட்டின் தூய்மை என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தூய்மையின் விலை பூஜ்யம். கானக்கருக்கோ அது சாப்பாட்டுக் காசு. கனடிய கால்பந்து தன் மிகச் சிறந்த வீரரை அவருடைய 22 வயதிலேயே இழந்ததற்கு இந்த விதிதான் காரணம்.

## பிட்ஸ்பர்க் வழி

1923இல் அவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போனார். பிட்ஸ்பர்க் யெல்லோ ஜாக்கெட்ஸ் என்ற அமெச்சூர் ஹாக்கி அணி கனடியர்களைத் தேடி அழைத்துக்கொண்டிருந்தது. பெயருக்கு அமெச்சூர், வேலை, படிப்பு என்று வேறு வழிகளில் ஆதரவு. கானக்கர் பெல்ஃபான்ட் அகாடமியிலும் பிறகு டுகேன் பல்கலைக்கழகத்திலும் படித்தார், அங்கே அமெரிக்க கால்பந்தும் ஆடினார். எட்டாம் வகுப்பில் விட்ட படிப்பை விளையாட்டு மீட்டுக் கொடுத்தது. யெல்லோ ஜாக்கெட்ஸ் 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க அமெச்சூர் சாம்பியன்.

1925இல் அந்த அணியின் பெரும்பகுதி அப்படியே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற பெயரில் தேசிய ஹாக்கி லீக்கில் நுழைந்தது. கானக்கரும் புரொஃபஷனல் ஆனார். அந்த அணியின் முதல் கோலை அடித்தவர் அவர்தான். கனடிய கால்பந்தின் கதவு அவருக்கு அன்றோடு மூடியது.

ஹாக்கியில் அவர் அழகான சறுக்கலுக்குப் பேர் போனவர் இல்லை, தாமதமாகக் கற்றவர் அல்லவா. அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: எதிரி அடிக்கும்போது முழங்காலில் இறங்கி, ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டை உடம்பால் தடுப்பது. ‘நடமாடும் கோல்காப்பாளர்’ என்று பெயர் வந்தது. 1934இல் சிகாகோ பிளாக் ஹாக்ஸோடும் 1935இல் மான்ட்ரியால் மரூன்ஸோடும் ஸ்டான்லி கோப்பை, அதாவது தேசிய ஹாக்கி லீக்கின் சாம்பியன் கோப்பை வென்றார். இடையில் 1926இல் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் பேஸ்பால் அணியில் இருந்தார். அந்த அணி இன்டர்நேஷனல் லீக்கையும் லிட்டில் வேர்ல்டு சீரிஸையும் வென்றது.

அவர் சம்பாதிக்கத் தொடங்கியதன் விளைவு வீட்டுக்குள்ளும் தெரிந்தது. விளையாட்டால் பிழைக்கலாம் என்று தம்பிகள் கண்ணால் பார்த்தார்கள். சார்லி கானக்கர் இரண்டு பருவங்களில் தேசிய ஹாக்கி லீக்கின் அதிகப் புள்ளிக்காரர்; ராய் கானக்கர் 1948-49இல் அதே இடத்தைப் பிடித்தார்.

## காசுக்குக் கால்பந்து: 1933இன் முயற்சி

கால்பந்தை அவர் மறக்கவில்லை. 1933இல் ஒரு புரொஃபஷனல் அணியையே தொடங்கினார், கனடாவில் அதுவே முதல். கிராஸ் அண்டு பிளாக்வெல் என்ற உணவு நிறுவனம் ஆதரவு தந்ததால் அணிக்கு ‘செஃப்ஸ்’ (சமையல்காரர்கள்) என்று பெயர். எதிராட அமெரிக்காவின் ரோச்செஸ்டரிலிருந்து அணி வந்தது. அடுத்த ஆண்டு சூயிங்கம் செய்யும் ரிக்லி நிறுவனத்தின் ஆதரவோடு ‘ரிக்லி அரோமின்ட்ஸ்’ என்று பெயர் மாறியது. அத்தோடு சரி.

லீக் இல்லாமல் ஓர் அணி நிற்காது. ஆட ஆள் கிடைத்தாலும் எதிராட அணி வேண்டும், வாராவாரம் வர ரசிகர் வேண்டும், பொருளாதார மந்தக் காலத்தில் டிக்கெட்டுக்குக் காசு வேண்டும். ஆனாலும் இந்த முயற்சியைத் தோல்வி என்று தள்ளிவிட மனம் வரவில்லை. கால்பந்து ஆடுகிறவனுக்குச் சம்பளம் தர வேண்டும் என்பதை மைதானத்தில் செய்து காட்டிய முதல் கனடியர் அவர். இன்றைய கனடிய கால்பந்து லீக் 1958இல் உருவானது. கானக்கர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

## சட்டமன்றம், நாடாளுமன்றம், ஒரு கடைசி அடி

1937இல் ஹாக்கியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு லிபரல் கட்சி சார்பில் டொராண்டோவின் பிரேக்கண்டேல் தொகுதியிலிருந்து ஒன்டாரியோ சட்டமன்றத்துக்குத் தேர்வானார். இரண்டாம் உலகப் போரின்போது கனடிய விமானப் படையின் விளையாட்டுப் பொறுப்பைப் பார்த்தார். 1949இல் டிரினிட்டி தொகுதியிலிருந்து கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்குப் போனார்.

1954 மே 26. 54 வயது நிறைந்து இரண்டு நாள். ஒட்டாவாவில் நாடாளுமன்றப் புல்வெளியில் உறுப்பினர்களுக்கும் செய்தியாளர்களுக்கும், பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸில் இடப்பக்க வெளியில் நீளமாக ஒரு அடி அடித்தார். மூன்றாம் தளம் வரை ஓடிச் சேர்ந்தார். அங்கேயே சரிந்தார். மாரடைப்பு.

## இன்று அவரை எப்படி அளப்பது?

எண்ணிக்கையை வைத்து மட்டும் அளந்தால் தவறிவிடுவோம். அவர் காலத்தில் யார்டு கணக்குகள் ஒழுங்காகப் பதியப்படவில்லை, முன்னோக்கி எறிதல் இல்லை, பருவத்துக்கு ஆறு லீக் ஆட்டம்தான். இன்றைய ஓட்டக்காரர்களோடு அவரை நேருக்கு நேர் வைப்பதில் பொருள் இல்லை. பருவம் அவ்வளவு குறுகியதாக இருந்ததால்தான் ஒரே ஆள் ஐந்தாறு விளையாட்டுகளில் இறங்க முடிந்தது என்பதும் உண்மை. அதே வசதி அன்று ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு இருந்தது. ஐந்தாறிலும் முன்வரிசைக்கு வந்தவர் இவர்தான் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அங்கீகாரங்கள் வந்த வரிசையும் கவனிக்கத்தக்கது. கனடாவின் விளையாட்டுப் புகழ்க்கூடத்தில் 1955இல் இடம். கனடிய கால்பந்துப் புகழ்க்கூடத்தில் 1963இல், முதல் தொகுதி வீரர்களில் ஒருவராக. அதிக ஆண்டுகள் ஆடிய ஹாக்கியின் புகழ்க்கூடமோ 1994 வரை காத்திருக்க வைத்தது. அவர் இறந்து நாற்பது ஆண்டு. இரண்டே பருவம் தந்த விளையாட்டு அவரைத் தனக்குரியவர் என்று முதலிலேயே எடுத்துக்கொண்டது. கனடியன் பிரஸ் ஆண்டுதோறும் சிறந்த ஆண் வீரருக்குத் தந்துவந்த விருதுக்கு 1978இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. மகன் பிரையன் கானக்கர் 1967இல் டொராண்டோ அணியோடு ஸ்டான்லி கோப்பையில் தன் பெயரையும் சேர்த்தார்.

கனடிய கால்பந்து லீக் 2025 செப்டம்பரில் அறிவித்த விதி மாற்றங்களைப் பற்றிய விவாதத்தையும் இந்தப் பின்னணியில் வாசிக்கலாம். கோல் தவறி எல்லைக்கு வெளியே போகும் உதைகளுக்குக் கிடைத்துவந்த சிங்கிள் புள்ளியை 2026 முதல் நீக்குவதும், 2027இல் மைதான நீளத்தை 110 யார்டிலிருந்து 100 ஆகக் குறைப்பதும் அந்த அறிவிப்பில் இருந்தன. இந்த மாற்றங்களைப் பழைய ரசிகர்கள் ஏன் இவ்வளவு சொந்தமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு 1921இன் ஸ்கோர்கார்டைக் காட்டலாம். கானக்கர் எடுத்த 15இல் அந்த இரண்டு சிங்கிளும் இருக்கின்றன, அவர் ஓடிய மைதானத்தின் நீளம் 110 யார்டு.